ராமானுஜனின் பட்டியலில் விடுபட்ட எண்

சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன், 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்தே இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மறு ஆண்டு லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியான அவருடைய நீண்ட கட்டுரையில் 102 எண்கள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதில் இடம்பெற்றிருக்க வேண்டிய 2,93,31,86,25,600 விடுபட்டுப் போயிற்று. வாய்விட்டுப் படித்தால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

பட்டியலில் உள்ளவை மிகுபகு எண்கள். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விடக் கூடுதலான வகுஎண்களை உடையதே மிகுபகு எண். 12-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் ஆறு. அதற்குக் கீழுள்ள எதற்கும் நான்குக்கு மேல் இல்லை. 60-க்குப் பன்னிரண்டு. ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தவர்களுக்கு அரை நாள், கால் நாள், மூன்றிலொரு பங்கு, ஐந்திலொரு பங்கு எல்லாமே முழு நாழிகைகளாகவே கிடைத்தன.

நம் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 என வரும். ஒரு வகுஎண்ணை உருவாக்க, 2-ஐ ஒருமுறைகூட எடுக்காமல் விடலாம், அல்லது ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக ஏழு வாய்ப்புகள். அவ்வாறே 3-க்கு ஐந்து, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, எஞ்சிய நான்குக்கும் இரண்டிரண்டு. இவற்றைப் பெருக்கினால் 5,040 வகுஎண்கள். இந்த 5,040-உம் ஒரு மிகுபகு எண் என்பது ரசிக்கத்தக்க தற்செயல்.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என ஏறாமல் இறங்கி வருவதற்குக் காரணம் உண்டு. பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு இருந்தால், அதைச் சிறிய பகா எண்ணின் அடுக்கோடு இடம் மாற்றி, வகுஎண்கள் குறையாமலேயே எண்ணைச் சிறிதாக்கிவிடலாம். ஆனால் சிறிய பகா எண்களையே அடுக்கிக்கொண்டு போவதும் பலன் தராது. நம் எண்ணில் ஒரு 7-ஐ நீக்கி, பதிலுக்கு ஒரு 2-ஐயும் ஒரு 3-ஐயும் சேர்த்தால், எண் ஏழில் ஆறு பங்காகச் சுருங்கும்; வகுஎண்களோ 4,608 ஆகக் குறைந்துவிடும். இந்தச் சமநிலையை நிறுவுவதில்தான் கட்டுரையின் உழைப்பு அடங்கியிருக்கிறது. 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியதும் அந்த ஆய்வுக்காகத்தான்.

1 முதல் 22 வரை எந்த எண்ணாலும் 2,93,31,86,25,600 மீதியின்றி வகுபடும். முதலில் தடுக்குவது 23-இல். அந்த 23-ஆலேயே பெருக்கிப் பார்த்தால் 67,46,32,83,88,800 கிடைக்கிறது. வகுஎண்கள் இரட்டித்து 10,080 ஆகின்றன. ராமானுஜனின் பட்டியலில் கடைசியாக நிற்பது இந்த எண்தான்.