வெறுங்கட்டம் தாண்டிக் கோத்தல்

"வெற்றுக் கலங்களைப் புறக்கணித்து உரைகளை ஒன்றிணைத்தல்." ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுத்த தாளில், எக்செல்லின் டெக்ஸ்ட்ஜாயின் (TEXTJOIN) பாடத்துக்கு இருந்த தலைப்பு இது. காணொலிகளிலும் இதையேதான் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், சரி, போகட்டும் என்று விட்டிருந்தேன். போன ஆவணியில் எங்கள் அச்சகத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு அப்படி விட மனம் வரவில்லை.

மதுரையில் சிம்மக்கல் பக்கம் சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை அடிப்பதோடு, உறைமேல் ஒட்டும் முகவரிச் சீட்டும் அடித்துத் தருகிறோம். பெண் வீட்டார் ஒருவர் முகவரிகளை எக்செல் தாளில் அனுப்பியிருந்தார். ஒரு வரிக்கு ஆறு கட்டம்: கதவு எண், தெரு, ஊர், அஞ்சல், வட்டம், பின்கோடு. மேலமாசி வீதிக்காரர் என்றால் கதவு எண், தெரு, மதுரை, 625001, அவ்வளவுதான். அஞ்சலும் வட்டமும் காலி. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர் என்றால் தெருக் கட்டம் காலி, மற்றதெல்லாம் இருக்கும். ஆறு கட்டத்தையும் நடுவே காற்புள்ளி போட்டு ஒரே கட்டத்தில் வரிசையாக எழுத வேண்டும், காலியாக இருப்பதை விட்டுவிட்டு. இதுதான் வேலை.

வேலைக்குப் புதிதாக வந்திருந்த பிள்ளையிடம் கொடுத்தேன். அந்த வகுப்பில் படித்தவள், தாளும் கையில் இருந்தது. தாள் சொன்னபடி ஆறு கட்டத்தையும் தேர்ந்தெடுத்து "ஒன்றிணை"யைத் தேடினாள். அந்தத் தாளில் முந்தின பக்கத்திலேயே, பல கட்டங்களை ஒரே கட்டமாக்கும் மெர்ஜ் பொத்தானுக்கும் "ஒன்றிணை" என்றுதான் போட்டிருந்தது. அதையே அழுத்தினாள். இடது மேல் மூலையில் இருப்பது மட்டும் நிற்கும், மற்றவை போய்விடும் என்று எக்செல் ஆங்கிலத்தில் எச்சரித்தது. ஓகே கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு வரியிலும் கதவு எண் மட்டும் நின்றது. தெரு போச்சு, ஊர் போச்சு, பின்கோடும் போச்சு. சேமித்தும் மூடிவிட்டாள்.

வாட்ஸ்அப்பில் மூலத்தாள் கிடந்ததால் பிழைத்தோம். "தாள்ல ஒன்றிணைன்னுதானண்ணே போட்டிருக்கு?" என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அவள் மேல் தப்பே இல்லை. தப்பு அந்தச் சொல்லின் மேல்.

மூலச்சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மெர்ஜ் என்பது லத்தீனில் மூழ்குவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ஜாயின், மாட்டை நுகத்தில் பூட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து. கான்கேட்டினேட் என்பதில் உள்ள "கடேனா" என்றால் சங்கிலி. கூட்டிச் சங்கிலியாக்குவது என்று பொருள். எக்செல்லில் கான்கேட்டினேட் வெகுகாலமாக இருக்கிறது. ஆனால் அதனிடம் கட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், காற்புள்ளியையும் ஒவ்வொரு இடத்திலும் நாமே போட வேண்டும். காலிக் கட்டம் வந்தால் இரண்டு காற்புள்ளி ஒட்டி நிற்கும். எக்செல் 2019-இல் வந்த டெக்ஸ்ட்ஜாயின்தான் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. அதற்கு மூன்று செய்தி சொன்னால் போதும்: நடுவே என்ன குறி, காலியைத் தாண்டவா வேண்டாமா, எந்தக் கட்டம் முதல் எந்தக் கட்டம் வரை.

மூழ்குதல், பூட்டுதல், சங்கிலியாக்கல் என்று மூன்றும் வேறு வேறு வேலை. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்க, தமிழில் மட்டும் மூன்றையும் "ஒன்றிணை" என்ற ஒரே அண்டாவில் கொட்டிவிட்டார்கள்.

ஒன்றிணைதல் நல்ல சொல்தான், அதற்குரிய இடத்தில். மாட்டுத்தாவணியை ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் என்கிறோம். பல திசைக்குப் போகும் பஸ்கள் ஒரே வளாகத்தில் நிற்கின்றன, பொருந்துகிறது. பிரிந்த இரண்டு கட்சி ஒன்றிணைந்தது என்றால் இனி ஒரே கொடி, ஒரே தலைமை என்று புரிந்துகொள்கிறோம். அதாவது ஒன்றிணைந்த பிறகு பழைய எல்லைகள் இல்லை. மெர்ஜ் பொத்தான் செய்வதும் இதைத்தான்: ஆறு கட்டத்தின் கோடுகளை அழித்து ஒரே பெரிய கட்டமாக்குகிறது. ஆகவே அதற்கு "ஒன்றிணை" என்று பெயர் வைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். லிபரே ஆஃபிஸ் போன்ற மென்பொருள், மறைந்துபோகும் கட்டங்களில் இருப்பதை என்ன செய்யட்டும் என்று கேட்டுக்கொள்ளும். எக்செல் அப்படிக் கேட்பதில்லை, எச்சரித்துவிட்டு அழித்துவிடும்.

டெக்ஸ்ட்ஜாயினில் எதுவும் அழிவதில்லை. பழைய ஆறு கட்டமும் அப்படியே இருக்கின்றன. அவற்றில் உள்ளவை ஏழாவதாக ஒரு கட்டத்தில் வரிசையாக வந்து நிற்கின்றன. கதவு எண் கதவு எண்ணாகவே, ஊர் ஊராகவே, நடுவில் ஒரு காற்புள்ளியோடு. இதைப் போய் ஒன்றிணைதல் என்று சொல்லலாமா? ஆறும் ஒன்றாகிவிடவில்லையே!

"சரி, வெறும் 'இணை' என்று சொல்லலாமே" என்பார்கள். இணை என்றால் ஜோடி. இணைபிரியாத என்கிறோம், இணையடி என்கிறோம். இரண்டைச் சேர்க்கும்போது அது பொருந்தும். ஜாயின் என்ற சொல்லும் நுகத்தடியின் இரண்டு மாட்டிலிருந்து வந்ததுதான். ஆனால் கணினியில் இணைப்பு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே பாரம் அதிகம். இணையதள இணைப்பு, மின்னஞ்சலோடு அனுப்பும் இணைப்பு, பிரிண்டரோடு இணைப்பு என்று எங்கு பார்த்தாலும் இணைப்புதான். இன்னொன்றையும் அதன் தலையில் ஏற்றினால் படிக்கிறவர் எதை என்று எடுத்துக்கொள்வார்?

இலக்கணம் படித்த நண்பர் ஒருவர் "புணர்த்துதல்" என்றார். சொல்லோடு சொல் சேர்வதுதானே புணர்ச்சி, நம்மிடம் எப்போதோ இருக்கிறதே என்று. எனக்கும் ஒரு நாள் முழுக்க அது பிடித்துத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். புணர்ச்சியில் எழுத்து தோன்றும், திரியும், கெடும். மரமும் கிளையும் சேர்ந்தால் மரக்கிளை. எக்செல் அப்படிச் செய்யாது. மரம் என்ற கட்டத்தையும் கிளை என்ற கட்டத்தையும் கொடுத்தால் "மரம்கிளை" என்று அச்சடித்தாற்போல் வைக்கும். எதையும் மாற்றாமல் வைப்பதுதான் அதன் குணம். ஆகவே புணர்த்துதலும் பொருந்தவில்லை.

பொருந்துவது "கோ" என்ற வினை. கோக்கிறேன், கோத்தேன், கோப்பேன். ஊசியில் நூல் கோக்கிறோம், பாசி கோக்கிறோம். கண் மங்கிய அப்பத்தா ஊசியையும் நூலையும் நீட்டி "இதைக் கோத்துக் குடுடா" என்று கேட்காத வீடு எங்கள் பக்கம் உண்டா? கோத்த மணி ஒவ்வொன்றும் தனி மணிதான். நூல் அறுந்தால் உதிர்ந்து தனித்தனியாகவே ஓடும். வரிசை உண்டு, இடையில் ஒன்று உண்டு, ஒவ்வொன்றின் உருவமும் அப்படியே உண்டு. டெக்ஸ்ட்ஜாயின் செய்வது அச்சு அசலாக இது.

இந்த வினை கணினிக்கும் புதிது இல்லை. ஃபைலுக்கு நாம் கோப்பு என்கிறோமே, அது இந்தக் கோதான். தாலுகா ஆபீஸில் காகிதங்களை ஓட்டை போட்டு டேக் கயிற்றில் கோத்து வைப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அருமை தெரியும். கணினிச் சொற்பட்டியல்களில் ஸ்ட்ரிங் எனப்படும் எழுத்துத் தொடருக்குச் "சரம்" என்ற பெயரும் இருக்கிறது. சரம் என்று பெயர் வைத்துவிட்டு அதை ஒன்றிணை என்று சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சரத்தைக் கோப்பார்கள், தொடுப்பார்கள். ஒன்றிணைப்பார்களா?

பாட்டிலும் இது உண்டு. மேலூர் போகும் வழியில் உள்ளே திரும்பினால் திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். அவருடைய திருக்கோவையார் 400 பாட்டு. ஒவ்வொன்றும் தனிப் பாட்டு, துறை வரிசைப்படி கோத்தது, அதனால் கோவை. அதை யாரும் ஒன்றிணைப்பு என்று சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை: கோத்தல்தான், கோர்த்தல் இல்லை. பார்த்து, சேர்த்து, வார்த்து என்ற சொற்களின் பழக்கத்தில் நடுவே ஒரு ரகரம் வந்து உட்கார்ந்துகொண்டது. பத்திரிகைகளிலும் "கைகோர்த்தனர்" என்றே வருகிறது. வினை கோ, ஆகவே கைகோத்தனர். கோர்வை இல்லை, கோவை. சளி பிடித்தால் நீர் கோத்துக்கொண்டது, நீர்க்கோவை என்று வீட்டில் சரியாகத்தானே சொல்கிறோம்? மெய்ப்புத் திருத்தும்போது நான் அடிக்கும் ரகரங்களில் பாதி இந்தச் சொல்லில்தான் இருக்கும். எதிர்ப்பு வரத்தான் செய்கிறது. வரட்டும்.

தொடுத்தல் என்று சொன்னால் என்ன என்று கேட்டால், அதற்கு மட்டும் நான் கொஞ்சம் இறங்கி வருவேன். அம்மன் சந்நிதிப் பக்கம் பூக்கட்டும் அம்மாவைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஈர வாழைநாரை இடது கையில் பிடித்து, இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம் வைத்து, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. அடுத்து எடுத்த மொட்டு பழுத்துச் சிவந்திருந்தால் அதை மடியிலிருந்து தள்ளிவிடுவார். அதற்காக வெறும் முடிச்சுப் போட மாட்டார். அடுத்த நல்ல மொட்டு அந்த இடத்துக்கு வந்துவிடும். சரத்தில் இடைவெளியே தெரியாது. டெக்ஸ்ட்ஜாயினில் இரண்டாவது செய்தியாக ட்ரூ, அதாவது காலியைத் தாண்டு என்று கொடுத்தால் நடப்பது இதுதான். ஃபால்ஸ் என்று கொடுத்தால் பூ இல்லாத இடத்திலும் முடிச்சு விழும். "2/47, , " என்று இரண்டு காற்புள்ளி நடுவே ஒன்றுமில்லாமல் நிற்கும். ஆகத் தொடுத்தல் அழகான சொல்தான். ஆனால் வழக்குத் தொடுக்கிறார்கள், போர் தொடுக்கிறார்கள், அம்பும் தொடுக்கிறார்கள். கட்டளையாக "தொடு" என்று திரையில் எழுதினால், இந்தக் காலத்துச் செல்போனில் விரலை வைக்கச் சொல்கிறதென்று நினைப்பார்கள். "கோ" என்றால் ராஜா என்றும் பொருள் வருமே என்று ஒருவர் மடக்கினார். எக்செல் தாளில் ராஜாவைத் தேடுகிறவர் யாரும் இல்லை. வேண்டுமானால் "கோத்திடு" என்று எழுதிக்கொள்ளலாம்.

இனிப் "புறக்கணித்து". இதுதான் எனக்கு ரொம்பக் கசக்கிறது. ரோடு போடவில்லை, தண்ணீர் வரவில்லை என்றால் ஊர் கூடித் தேர்தலைப் புறக்கணிக்கிறோம் என்று கருப்புக்கொடி கட்டுகிறார்கள். சொந்தக்காரர் வந்தும் முகம் திருப்பிக்கொண்டால் புறக்கணித்தார் என்கிறோம். ஆள் இருக்க வேண்டும், மதிக்க வேண்டியவராகவும் இருக்க வேண்டும், அவரை வேண்டுமென்றே தள்ள வேண்டும். அதற்குப் பெயர்தான் புறக்கணிப்பு. காலிக் கட்டத்தில் யார் இருக்கிறார்கள் புறக்கணிக்க? இக்னோர் என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைத்ததைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். திரையில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை செய்து பார்த்திருந்தால் இந்தச் சொல் வந்திருக்காது. மென்பொருளை மொழிபெயர்க்கிற நிறையப் பேர் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதில்லை என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம். வரிகள் பட்டியலாக வருகின்றன, எதிரே தமிழை நிரப்பி அனுப்புகிறார்கள். படிப்பவர் கை எங்கே போகும் என்ற யோசனையே இல்லை.

"விட்டு" என்று போடலாமே என்று முதலில் நினைத்தேன். அதிலும் ஒரு வில்லங்கம். "ஒரு வரி விட்டு எழுது" என்றால் நடுவே ஒரு வரியைக் காலியாக வை என்று அர்த்தம். நமக்கு வேண்டியதோ நேர் எதிர். "நீக்கி" என்றால் கட்டத்தையே அழிக்கச் சொல்வதாகிவிடும். கடைசியில் அகப்பட்டது "தாண்டி". சாக்கடையைத் தாண்டுகிறோம், பஸ்ஸில் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டோம் என்கிறோம். தாண்டியது அங்கேயே இருக்கும், நாம் அடுத்ததற்குப் போய்விடுவோம். எக்செல் செல்லைத் தாளில் கலம் என்கிறார்கள்; கலம் என்றால் எனக்குச் சோற்றுக்கலம்தான் நினைவுக்கு வருகிறது. ஊரில் எல்லாரும் சொல்கிற கட்டமே போதும். காலிக்கு வெறும் என்ற நல்ல அடைமொழி இருக்கிறது: வெறுங்கை, வெறும் வயிறு, வெறுங்கால். ஆக வெறுங்கட்டம். நடுவே போடும் குறிக்கு இடைக்குறி.

வெறுங்கட்டம் தாண்டிக் கோத்தல். எங்கள் அச்சகத்தில் மானிட்டர் ஓரத்தில் இதை எழுதி ஒட்டியிருக்கிறோம், கீழே இடைக்குறி, தாண்டவா, எந்தக் கட்டங்கள் என்று மூன்று வரியோடு. அந்தப் பிள்ளை அதைப் பார்த்து முகவரிகளை மறுபடி கோத்தாள். முதல் தடவையிலேயே சரியாக வந்தது, ஒரு பத்துப் பதினைந்து வரியைத் தவிர.

"அண்ணே, இது மட்டும் தாண்ட மாட்டேங்குது" என்றாள். போய்ப் பார்த்தால் அந்தக் கட்டங்கள் கண்ணுக்குத்தான் வெறுமை. தட்டச்சு செய்தவர் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். இடைவெளியும் ஒரு எழுத்துதான், எக்செல் கணக்கில் அது வெறுங்கட்டம் இல்லை. முன்னாடி ட்ரிம் போட்டு அதை எடுத்துவிட்டுக் கோத்தால் சரியாகிவிடும், போட்டோம், ஆயிற்று. ட்ரிம்முக்கு என்ன எழுதி ஒட்டுவது என்பதில்தான் நிற்கிறோம். "வெட்டு" ஏற்கெனவே கட் (cut) என்ற கட்டளைக்குப் போய்விட்டது. அவள் "ஓரங்கிள்ளல்" என்கிறாள். நடுவில் இரண்டு மூன்று ஸ்பேஸ் சேர்ந்து கிடந்தாலும் ட்ரிம் ஒன்றாகக் குறைக்குமே, அதற்கு ஓரம் என்பது போதுமா என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.