லித்தியமும் அடங்காத தாகமும்

போன வருடம் கத்திரி வெயில் நேரத்தில், லாரி ஓட்டும் ஒருவரை அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்காக நான்கு வருடமாக லித்தியம் சாப்பிடுபவர். இரண்டு நாளாக வாந்தி. நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, டீ கிளாஸைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்களாம். அதைச் சொல்லும்போது அந்த அம்மா அழுதுவிட்டார்.

"ரொம்ப நாளாவே தாகம் டாக்டர். ராத்திரி அஞ்சு தடவை ஒண்ணுக்குப் போறார். சுகரா இருக்கும்னு டெஸ்ட் எடுத்தோம், நார்மல்னு வந்துச்சு."

தூக்கம் கெடுகிறதே என்று அவராகவே தண்ணீரைக் குறைத்துவிட்டார். போதாததற்கு, முதுகுவலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி ஒரு வாரம் விழுங்கியிருக்கிறார். ரத்தத்தில் லித்தியம் 2.1 இருந்தது. நீண்ட நாள் சிகிச்சையில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் போதும். 1.5-ஐத் தாண்டினாலே நச்சாகத் தொடங்கிவிடும். உடனே வார்டில் சேர்த்தோம், பிழைத்துக்கொண்டார். அந்தத் தாகம் மாத்திரையால் வருவது என்று இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் சொல்லவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

மனநல மாத்திரை எல்லாவற்றையும் நம் ஊரில் 'தூக்க மாத்திரை' என்றே சொல்கிறார்கள். லித்தியம் தூங்க வைக்கும் மருந்து அல்ல. உப்பில் இருக்கும் சோடியத்தின் குடும்பத்தைச் சேர்ந்த தனிமம் அது. 1949-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் என்ற மருத்துவர், மனஎழுச்சியில் (அந்த அளவுமீறிய உற்சாக நிலையில்) இருந்த பத்துப் பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். இன்றுவரை அதன் இடத்தை வேறு மருந்து முழுமையாகப் பிடிக்கவில்லை. தற்கொலை அபாயத்தை அது குறைக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, எல்லா ஆய்வுகளும் அல்ல.

சரி, அது மூளையில் என்ன செய்கிறது? ஒரு நரம்பு செல் அனுப்பும் ரசாயனச் செய்தி அடுத்த செல்லின் வாசல் வரைதான் வரும். வாசலில் வாங்கி உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க, செல்லுக்குள் வேறு தூதர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் உருவாக இனோசிட்டால் என்ற பொருள் வேண்டும். செல் அதை வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். அந்தச் சுழற்சிக்கு உதவும் நொதியை லித்தியம் தடுக்கிறது. அதனால் அளவுக்கு மீறிப் பரபரத்துக்கொண்டிருக்கும் செல்களின் பேச்சுதான் முதலில் தணியும் என்பது நீண்ட காலமாகச் சொல்லப்படும் விளக்கம். ஜி.எஸ்.கே-3 என்ற இன்னொரு நொதியையும் அது அடக்குகிறது. இந்த மாற்றங்கள் ஒரு மாத்திரையில் நடந்துவிடாது. ஒன்றிரண்டு வாரமாவது பிடிக்கும். "மூணு நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் தெரியல" என்று நிறுத்துபவர்களிடம் இதைத்தான் விளக்குவேன்.

ஆனால் செல்லுக்குள் தூதர்களை வைத்து வேலை வாங்குவது மூளை மட்டும் இல்லையே. ஹார்மோன் சுரக்கும் உறுப்புகளும், ஹார்மோனுக்குக் கட்டுப்படும் உறுப்புகளும் அப்படித்தான் இயங்குகின்றன. லாரி ஓட்டுநருக்கு நடந்தது அங்கேதான். உடம்பில் தண்ணீர் குறையும்போது மூளை வாசோபிரெசின் என்ற ஹார்மோனை அனுப்பி, 'தண்ணீரை வெளியே விடாதே' என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். லித்தியம் எடுப்பவர்கள் பலருக்கு அந்த ஹார்மோன் ஒழுங்காகவே சுரக்கிறது. சிறுநீரகத்தின் காதில்தான் அது விழுவதில்லை. தண்ணீரைத் திரும்ப இழுக்கும் வழிகள் அடைபட்டு, சிறுநீர் பெருகுகிறது, தாகம் எடுக்கிறது. அப்போது தண்ணீரைக் குறைத்தால், உடம்பில் இருக்கும் உப்பையாவது காப்பாற்றச் சிறுநீரகம் சோடியத்தை இழுத்துப் பிடிக்கும். லித்தியத்தையும் சோடியம் என்றே நினைத்துச் சேர்த்து இழுத்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும், சில பி.பி. மாத்திரைகளும், திடீரென்று உப்பைக் குறைப்பதும்கூட லித்தியத்தை உடம்பில் தேங்க வைக்கும்.

தைராய்டில் கதை வேறு. அங்கே ஹார்மோன் உள்ளே தயாராக இருந்தாலும் ரத்தத்துக்குள் விடுவதை லித்தியம் தடுக்கிறது. பெண்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். எடை கூடும், முடி கொட்டும், காலையில் எழுந்திருக்கவே முடியாது. வீட்டில் சோம்பேறி என்பார்கள். அதைவிட மோசம், மனச்சோர்வு திரும்பிவிட்டது என்று நினைத்து மருத்துவரே மருந்தைக் கூட்டிவிடலாம். ஒரு கல்லூரி மாணவிக்கு நானே அப்படிச் செய்திருக்கிறேன். தைராய்டு குறைந்திருக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. தைராக்ஸின் மாத்திரை சேர்த்தோம், லித்தியத்தை நிறுத்த வேண்டி வரவில்லை. இன்னும் சிலருக்கு, கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி தூண்டப்பட்டு ரத்தத்தில் கால்சியம் ஏறும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை லித்தியம் அளவோடு டி.எஸ்.எச்., சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின், கால்சியம் மூன்றையும் பாருங்கள். லித்தியம் அளவுக்கு ரத்தம் கொடுப்பது கடைசி மாத்திரைக்குப் 12 மணி நேரம் கழித்து இருக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனால் அளவு தப்பாக வரும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் வந்தாலோ நோன்பு இருக்க நினைத்தாலோ முதலில் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கை நடுக்கம் திடீரென்று கூடினாலோ நடை தள்ளாடினாலோ அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மற்றபடி பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் மனஎழுச்சி பாய்ந்து திரும்பும்.

அந்த ஓட்டுநர் இப்போதும் லித்தியத்தில்தான் இருக்கிறார். அளவைக் குறைத்து, இரவு ஒரே வேளையாக மாற்றினோம். போன மாதம் 0.7. ராத்திரி இரண்டு தடவை எழுந்துகொள்கிறாராம். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாராசிட்டமால் போதும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் மனைவி அதை லாரி கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.