ரேமை மாற்றுவதற்கு முன்

"ரேம் பத்தலண்ணே, ஒரு ஜிபி போட்ருவமா?" கையடக்கக் கணினியை உருவாக்கிக்கொண்டிருக்கும் மதுரைப் பையன்கள் போர்டைக் கொண்டுவந்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ரேம் போதாவிட்டாலும் கருவி ஹேங் ஆகும். ரேமில் எழுதியது கெட்டுப்போனாலும் ஹேங் ஆகும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எது என்று பிரித்துப் பார்க்காமல் பெரிய சிப்பைப் போட்டால் பணம்தான் போகும்.

முதலில் கருவியின் செய்திகளை வரி வரியாக வெளியே அனுப்பும் சீரியல் கன்சோலை லேப்டாப்பில் மாட்டி, அந்தப் பதிவை, அதாவது லாகை, அங்கே சேமியுங்கள். கருவிக்குள்ளேயே எழுதும் லாகில் கடைசி வரிகள் பல நேரம் பதிவாவதே இல்லை. நமக்கு வேண்டியவையோ அவைதான். 'அவுட் ஆஃப் மெமரி' என்று சொல்லிவிட்டு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒரு புரோகிராமை நிறுத்தியிருந்தால் பற்றாக்குறை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு புரோகிராம், வேறு வேறு இடத்தில் விழுகிறதென்றால் ஹார்டுவேரைச் சந்தேகப்படுங்கள்.

பற்றாக்குறையைக் கண்டுபிடிப்பது எளிது. காலி ரேம் குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். சும்மா கிடப்பதை கெர்னல் ஃபைல் கேஷுக்கு, அதாவது படித்த ஃபைல்களைக் கைவசம் வைத்திருக்க, எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். 2014-இல் வந்த 3.14 கெர்னல் முதல் உண்மையில் எவ்வளவு ரேம் கிடைக்கும் என்று காட்ட 'மெம் அவெய்லபிள்' என்று தனி வரியே இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு முறை அதைக் குறித்து வாருங்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அது இறங்கிக்கொண்டே போனால் லீக், அதாவது எடுத்த ரேமை ஏதோ ஒரு புரோகிராம் திருப்பித் தருவதில்லை. ஒரு ஜிபி போட்டாலும் ஹேங் ஆகும் நேரம்தான் தள்ளிப்போகும்.

கெட்டுப்போகும் ரேம்தான் ஆளை அலைக்கழிக்கும். ரேமாக இருக்கும் டிராம் சிப்பில் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய கெப்பாசிட்டரில் நிற்கும் மின்னூட்டம். ஓட்டைப் பானைத் தண்ணீர்போல் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் டிடிஆர்3 வகை ரேமில் 64 மில்லிவிநாடிக்குள் எல்லா வரிசைகளையும் புதுப்பிக்க வேண்டும். சிப்பின் வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் 32 மில்லிவிநாடிக்குள். கையடக்கக் கருவியில் ஃபேன் கிடையாது. மூடிய பிளாஸ்டிக்குக்குள் பிராசஸரும் பேட்டரியும் ஒட்டி இருக்கும். ஏசி அறையில் ராப்பகலாக ஓடிய போர்டு, சித்திரை வெயிலில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனதும் தடுமாறினால் காரணம் இங்கே இருக்கலாம். கேஸை மூடி, சூடாக்கி, 'மெம்டெஸ்டர்' என்ற ரேம் சோதனை புரோகிராமை இரவு முழுக்க ஓட விடுங்கள். கெர்னல் கொடுக்கும் பகுதியை மட்டும்தான் அது சோதிக்கும். ஆகவே கெர்னலுக்கு முன்பே ஓடும் யு-பூட்டிலிருந்தும் ஒரு சோதனை ஓட்டுங்கள்.

பிழை எப்படி வருகிறது என்று பாருங்கள். எப்போதும் ஒரே பிட் தவறினால் அந்தப் பிட்டைக் கொண்டுபோகும் டேட்டா லைனின் சால்டரிங். ஓரிடத்தில் எழுதியது இன்னோரிடத்தில் தெரிந்தால் இடத்தைக் குறிக்கும் அட்ரஸ் லைன். வைஃபை ஆன் ஆகும்போது மட்டும் வந்தால் பவர். குறைந்த வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் சிப்புக்கு 1.35 வோல்ட் வேண்டும். கண நேரச் சரிவை மல்டிமீட்டர் காட்டாது, ஆசிலோஸ்கோப்பை சிப்பின் காலருகே வையுங்கள். ரேமின் வேகத்தை ஒரு படி குறைத்ததும் பிழை மறைந்தால், வேறு சிப்புக்கான டைமிங் எண்களை டெவலப்மெண்ட் போர்டிலிருந்து அப்படியே காப்பியடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

ஹேங் ஆனால் கண்ணுக்காவது தெரியும். இத்தகைய கருவிகளில் பெரும்பாலும் பிட் பிழையைத் தானே கண்டு திருத்தும் ஈசிசி இருக்காது. பூக்காரம்மாவின் எடைக் கணக்கில் ஒரு பிட் புரண்டால் ரசீது தப்பாகவே அச்சாகும், யாருக்கும் தெரியாது. எனவே ஒரு போர்டு தேறியதும் நிறுத்தாமல், கையில் உள்ள எல்லா ப்ரோட்டோடைப்பையும் சூட்டில் சோதியுங்கள். ஒன்றில் மட்டும் பிழை வந்தால் அசெம்பிளியைப் பாருங்கள். எல்லாவற்றிலும் வந்தால் அடுத்த பிசிபிக்கு, அதாவது சர்க்யூட் போர்டுக்கு, ஆர்டர் கொடுக்காமல் டிசைனைத் திறங்கள்.