விமான நிலையத்தைச் சுற்றிக் குப்பை கொட்டக் கூடாது: அந்த விதி எதற்கு, யாருக்கு?

விமானத்தில் பறவை மோதினால், எதிர்பாராமல் நடந்துவிட்டது என்று சொல்லி நகர்வதுதான் வழக்கம். விதி அப்படிப் பார்ப்பதில்லை. விமான நிலையங்கள் எப்படி அமைய வேண்டும், எப்படி இயங்க வேண்டும் என்பதற்கான உலகத் தரநிலைகளை சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, சுருக்கமாக ஐகாவோ, தன் அடிப்படை ஒப்பந்தத்தின் 14-ஆவது இணைப்பில் வகுத்திருக்கிறது. வனவிலங்கு மோதல் அபாயத்தைக் குறைப்பதற்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. பறவையோ நாயோ மானோ, ஓடுபாதைக்கு எது வந்தாலும் அது முன்கூட்டியே கணித்துத் தடுக்க வேண்டிய ஆபத்து என்றுதான் அது கொள்கிறது.

விமானத்தையே உறுதியாகக் கட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஓரளவுக்குத்தான் முடியும். பெரிய பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி, சுமார் 1.8 கிலோ எடையுள்ள பறவை வேகமாக மோதினாலும் தாங்க வேண்டும் என்பது சான்றளிப்பு விதி. இன்ஜினுக்கும் சோதனை உண்டு. ஆனால் பெரிய பறவை ஒன்று உள்ளே போன பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அந்தச் சோதனை கேட்பதில்லை. தீப்பிடிக்காமல், சிதறாமல் பத்திரமாக நின்றால் போதும். ஒன்று நின்றால் மற்றொன்று இருக்கிறதே என்பது கணக்கு. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் அந்தக் கணக்கு பொய்த்தது. லாகார்டியா நிலையத்திலிருந்து கிளம்பிய விமானத்தின் இரண்டு இன்ஜின்களுக்குள்ளும் கனடா வாத்துகள் புகுந்தன. விமானி ஹட்சன் ஆற்றில் இறக்கியதால்தான் 155 பேரும் பிழைத்தார்கள்.

சிறிய பறவை என்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். 1960 அக்டோபர் 4 அன்று பாஸ்டனில் ஒரு விமானம் கிளம்பிய சில நொடிகளில் விழுந்து 62 பேர் இறந்தார்கள். காரணம் ஸ்டார்லிங் என்ற, மைனா குடும்பத்துப் பறவைக் கூட்டம். ஒரு ஸ்டார்லிங் நூறு கிராம்கூடத் தேறாது.

பெரும்பாலான மோதல்கள் தரையிறங்கும்போதோ கிளம்பும்போதோ, தாழ்வான உயரத்தில்தான் நடக்கின்றன. அதாவது நிலையத்தின் வேலிக்குள்ளேயே, அல்லது அதை ஒட்டி. அதனால்தான் விதி வானத்தை விட்டுவிட்டுத் தரையைப் பிடித்துக்கொள்கிறது.

முதல் கடமை பதிவு. ஒவ்வொரு நாடும் மோதல்களைப் பதிவதற்கு ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும். தகவலை ஐகாவோவின் தரவுத்தளத்துக்கும் அனுப்ப வேண்டும். சேதம் ஒன்றும் இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. இறக்கையில் ஒட்டிய ரத்தத்தையும் இறகையும் கழுவித் தள்ளுவதற்கு முன் மாதிரி எடுப்பது முக்கியம். எந்தப் பறவை என்று தெரிந்தால்தான் அது எதைத் தேடி வந்தது என்பது தெரியும். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இதற்கென்றே ஓர் இறகு ஆய்வகம் இயங்குகிறது. பாஸ்டன் விபத்தின் இறகுகளை அடையாளம் கண்டதில்தான் அந்த வேலை தொடங்கியது.

அடுத்து, தகுதியுள்ளவர்களைக் கொண்டு ஆபத்தைத் தொடர்ந்து மதிப்பிட்டு, அதைக் குறைக்க நடவடிக்கை எடுப்பது. வெடி வைப்பது, ஒலிபெருக்கியில் பறவைகளின் அபாயக் குரலை ஒலிக்கவிடுவது, வண்டியில் போய் விரட்டுவது எல்லாம் இதில் வரும். ஆனால் அவை தற்காலிகம்தான். ஒரே இடத்தில் ஒரே சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் பறவைகள் சீக்கிரமே பழகிவிடும். தீனி, தண்ணீர், தங்கும் இடம் மூன்றையும் எடுத்துவிட்டால்தான் அவை திரும்பி வராது. மழை பெய்தபின் தேங்கும் நீர் சீக்கிரம் வடிய வேண்டும். வடிக்க முடியாத குட்டைக்கு வலை போடலாம். மழைக்குப் பின் ஓடுபாதையில் ஏறும் மண்புழுக்களும் கிளம்பும் ஈசல்களுமே ஒரு கூட்டத்தை இழுத்துவரும் என்பதால் அந்த நேரத்தில் ரோந்து அதிகமாக வேண்டும்.

புல் விஷயம் இன்னும் நுணுக்கமானது. கட்டையாக வெட்டினால் பூச்சி தேடும் பறவைகளுக்கு வசதி. உயரமாக விட்டால் எதிரி வருவது தெரியாது என்று பல பறவைகள் இறங்கத் தயங்கும். ஆனால் எலி பெருகும், எலியைத் தேடிப் பருந்தும் ஆந்தையும் வரும். எந்த உயரம் சரி என்பதை அந்தந்த நிலையத்தின் பறவைகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். வேறொரு ஊரின் திட்டத்தை அப்படியே எடுத்து ஒட்டினால் பலன் இருக்காது.

விலங்குகளுக்கு உறுதியான வேலி வேண்டும், அதன் அடிப்பகுதி மண்ணுக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். இதில் பெரிய சிக்கல் இல்லை, பராமரிப்புதான் தேவை.

சிக்கல் வேலிக்கு வெளியே. பருந்துக்கு எல்லைச் சுவர் தெரியாது. குப்பைமேடுகளோ விலங்குகளை ஈர்க்கும் வேறு எதுவுமோ நிலையத்தின் அருகே உருவாகாமல் தடுப்பது, ஏற்கெனவே இருந்தால் அகற்றுவது உரிய அரசு அதிகாரியின் கடமை என்கிறது 14-ஆவது இணைப்பு. மோதலுக்கு வழிவகுக்காது என்று முறையான ஆய்வு காட்டினால் மட்டுமே விலக்கு. தூரத்தை நாடுகள் தங்கள் சட்டத்தில் வகுக்கின்றன. அமெரிக்காவில் ஜெட் விமானங்கள் இறங்கும் ஓடுபாதையின் முனையிலிருந்து 10,000 அடிக்குள் குப்பைக் கிடங்கு இருந்தால், அதனால் பறவை ஆபத்து இல்லை என்று நடத்துபவர்தான் நிரூபிக்க வேண்டும். இந்தியாவில் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆவது விதி, 10 கிலோமீட்டருக்குள் விலங்குகளை வெட்டுவதையும் தோலுரிப்பதையும் பறவைகளை ஈர்க்கும் கழிவைக் கொட்டுவதையும் தடை செய்தது. ஹோட்டல், இறைச்சிக் கடை, மீன் கடைக் கழிவுகளை அது பெயர் சொல்லியே குறிப்பிட்டது.

என் பார்வையில் எந்த நாட்டிலும் இந்த விதி வலுவிழக்கும் இடம் இதுதான். ஓடுபாதை நிலைய நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. குப்பை லாரி உள்ளாட்சியின் கையில் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காராவிட்டால் விதி காகிதத்திலேயே கிடக்கும்.

விமான நிலையத்துக்கு அருகே வசிப்பவர்கள் திறந்தவெளிக் குப்பையையோ இறைச்சிக் கழிவையோ பார்த்தால், உள்ளாட்சிக்கும் விமான நிலைய நிர்வாகத்துக்கும் இரண்டு இடத்திலும் எழுத்தில் புகார் கொடுப்பது நல்லது. இடம், நாள், எந்தப் பறவைகள் எந்த நேரத்தில் கூடுகின்றன என்பதைக் குறிப்பிடுங்கள், முடிந்தால் படமும் வையுங்கள். நிலையத்தின் வனவிலங்குப் பிரிவு ஆபத்தை மதிப்பிடும்போது அந்தக் குறிப்புகள் அப்படியே பயன்படும்.