இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவர்களே, டவுன்லோட் செய்வது படிப்பு ஆகாது

போன வாரம் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு மாணவனிடம் கேட்டேன். "ஹார்ட் அட்டாக் வந்தவர் நன்றாகத் தேறிக்கொண்டிருக்கிறார். ஐந்தாம் நாள் காலையில் திடீரென்று சுருண்டு விழுகிறார், பிரஷர் பதிவாகவில்லை. என்ன ஆகியிருக்கும்?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு, ஹார்ட் அட்டாக்குக்குப் பிறகு இதயத் தசையில் எந்த நாளில் என்ன தெரியும் என்ற அட்டவணையை ஒப்பிக்க ஆரம்பித்தான். முதல் மூன்று நாள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு. மூன்றிலிருந்து ஏழு நாள் வரை மேக்ரோஃபேஜ். அப்புறம் கிரானுலேஷன் திசு, அதாவது காயம் ஆறும்போது வளரும் புதுத் திசு. இரண்டு மாதத்தில் தழும்பு. ஓர் இடத்திலும் பிசகவில்லை.

"சரி, மேக்ரோஃபேஜ் அங்கே என்ன வேலை பார்க்கிறது?"

"செத்த செல்களைத் தின்னும், மேடம்."

"தின்று முடித்த பிறகு அந்தச் சுவர் எப்படி இருக்கும்?"

பதில் இல்லை. பதில் அவன் வாயில்தான் இருந்தது, அதை அவனே கவனிக்கவில்லை. செத்த தசையைத் தின்று அகற்றியாயிற்று, தழும்புக்கு வலு தரும் புதுக் கொலாஜன் நார் இன்னும் வந்து சேரவில்லை. சுவர் மிகவும் மெலிந்து நிற்கும் நாட்கள் அவை. கிழிந்தால் ரத்தம் இதயத்தைச் சுற்றியுள்ள பெரிகார்டியம் என்ற பைக்குள் பாய்ந்து இதயத்தை நெரித்துவிடும். இதற்குத் தனியாக ஒரு வரிகூட மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

"எதில் படித்தாய்?" என்று கேட்டேன். அதற்கு மட்டும் முகம் மலர்ந்தது. டேப்லெட்டைத் திறந்து காட்டினான். மூன்று டெக்ஸ்ட்புக், இரண்டு வீடியோ தொடர், மூத்த மாணவர்களின் நோட்ஸ் நான்கு, ரெடிமேடாக இறக்கிய ஃபிளாஷ் கார்டு (முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் உள்ள அட்டை) தொகுப்பு ஒன்று, கொஸ்டின் பேங்க் ஒன்று. ஆக மொத்தம் பதினொன்று. இதே இதயப் பாடம் ஐந்து இடத்தில் இருந்தது. ஐந்திலும் முதல் பத்துப் பக்கத்துக்கு மூன்று வண்ணத்தில் கோடு போட்டிருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளை வெளேரென்று.

இந்த வருடத்தில் இப்படி வந்தவர்களை எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

இரண்டாம் ஆண்டில் இந்த வியாதி பரவுவதற்குக் காரணம் இருக்கிறது. பேத்தாலஜி (நோயியல்), பார்மகாலஜி (மருந்தியல்), மைக்ரோபயாலஜி (நுண்ணுயிரியல்) மூன்றும் சேர்ந்து வந்து மேலே விழும். பயம் வரும். பயம் வந்தால் மூத்தவர்களைக் கேட்பீர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள், "இது இல்லாமல் பாஸ் பண்ண முடியாது" என்பதையும் சேர்த்து. எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொண்டால் இரவு நிம்மதியாகத் தூக்கம் வரும். அந்த நிம்மதிதான் சிக்கல். ஏதோ வேலை நடந்துவிட்டதாக மனசு நம்பிவிடுகிறது.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது இன்னொன்று. "வீடியோ பார்த்தேன் மேடம், நல்லாப் புரிஞ்சுது." இந்த வாக்கியத்தைக் கேட்காத வாரம் கிடையாது. புரிந்தது உண்மைதான், நான் சந்தேகப்படவில்லை. நன்றாக விளக்குகிற ஒருவர் விளக்கும்போது யாருக்குத்தான் புரியாது? ஆனால் புரிந்தது அவருடைய ஓட்டத்தில். அடுத்த படியை அவர் எடுத்துக் கொடுத்தார், நீங்கள் தலையாட்டினீர்கள். அந்தப் படியை நீங்களாக எடுத்து வைத்தீர்களா? வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

இது என் சொந்த வெறுப்பு மட்டும் இல்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஒரு சாரார் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ், நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. ஒரு வாரம் கழித்தும் நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள், படிப்பதை மட்டும் திரும்பச் செய்தவர்கள்! "நல்லாப் புரிஞ்சுது" என்கிற உணர்வை நான் ஏன் நம்புவதில்லை என்று இப்போது தெரிகிறதா? 2013-இல் டன்லாஸ்கியும் அவரது சகாக்களும் பத்துப் படிப்பு முறைகளை அலசி எழுதினார்கள். அதில் கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் கடைசித் தரத்தில் இருந்தன. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் தரம். மூன்று வண்ணப் பேனா வாங்கியவர்கள் மன்னிக்கவும்.

"நான் விஷுவல் லேர்னர், எனக்குப் புத்தகம் ஒத்துவராது" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு, அதன்படி சொல்லிக் கொடுத்தால்தான் ஏறும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2008-லேயே பாஷ்லர் குழு எழுதிவிட்டது. மைக்ரோஸ்கோப் ஸ்லைடைக் கண்ணால் பார்த்துத்தான் படிக்க வேண்டும், இதய முணுமுணுப்பைக் (மர்மர்) காதால் கேட்டுத்தான் படிக்க வேண்டும். எப்படிப் படிப்பது என்பதைப் பாடம் தீர்மானிக்கும், உங்கள் ராசி அல்ல.

அப்படியானால் என்னதான் வைத்துக்கொள்வது? ஒரு பாடத்துக்கு ஒரு முக்கியப் புத்தகம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கொஸ்டின் பேங்க், தேவைப்பட்டால் நினைவூட்ட ஃபிளாஷ் கார்டு செயலி போல ஒரு கருவி. அவ்வளவுதான். எந்தப் புத்தகம் என்று பெயர் சொல்ல மாட்டேன். உங்கள் நூலகத்தில் இருக்கும் இரண்டு மூன்று நல்ல புத்தகங்களில் ஒரே அத்தியாயத்தை, வீக்கமோ நெக்ரோசிஸோ (திசு சாவது) ஏதாவது ஒன்றை, அரை மணி நேரம் படித்துப் பாருங்கள். எதை மூடிவைத்த பிறகு அதிகம் சொல்ல முடிகிறதோ அதை எடுங்கள். நண்பன் எடுத்தது எது என்பது இங்கே கேள்வியே இல்லை.

மூன்று பாடமும் ஒன்றல்ல, ஒரே ஆயுதத்தோடு மூன்றின் மேலும் பாயாதீர்கள். பேத்தாலஜி காரண காரியச் சங்கிலி. அதைத் துண்டு அட்டையில் படித்தால் அந்த ஐந்தாம் நாள் நோயாளி செத்துப்போவார். ஓடுகிற உரைநடையில் எழுதிய முழுப் புத்தகம் வேண்டும், கூடவே ஸ்லைடு. (ஸ்லைடைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களை எனக்கு உடனே தெரியும். மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்த உடனே பெரிய லென்ஸுக்குத் தாவுவார்கள். முதலில் சின்ன லென்ஸ், எப்போதும்.) மைக்ரோபயாலஜியில் பெயரும் குணமும் கொத்துக் கொத்தாக வரும். அங்கே கதைப்படம், நினைவுக் குறிப்பு எதுவானாலும் சரி, நான் தடுக்க மாட்டேன்.

பார்மகாலஜியில்தான் ஃபிளாஷ் கார்டுக்கு உண்மையான வேலை. ஆனால் அட்டையை எப்படி எழுதுகிறீர்கள்? ஒரு மாணவி காட்டிய அட்டையின் முன்பக்கம் "ப்ரொப்ரனலால்" என்ற மருந்தின் பெயர், பின்பக்கம் பதினான்கு வரி. இது அட்டை இல்லை, சுருக்கிய பாடப்புத்தகம். அதையே "ஆஸ்துமாக்காரருக்கு ப்ரொப்ரனலால் ஏன் ஆகாது?" என்று எழுதச் சொன்னேன். பின்பக்கம் ஒரு வரி போதும்: மூச்சுக்குழாயை விரிக்கும் பீட்டா-2 ஏற்பியையும் அடைத்துவிடும். ஒரு கேள்வி, ஒரு பதில். பதினான்கு வரியும் பதினான்கு அட்டையாகட்டும். அப்படிப் பிரிக்கும்போதே பாதி அட்டை தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

ஆயிரக்கணக்கான அட்டைகள் கொண்ட தொகுப்பை இறக்கி முதல் நாளே எல்லாவற்றையும் திறந்துவிடுகிறவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். இன்று பார்க்கும் புது அட்டை நாளைக்கும் வரும், சில நாள் கழித்தும் வரும், அதற்கப்புறமும் வரும். அது அப்படி வருவதற்காகத்தான் அந்தச் செயலியே இருக்கிறது. ஒரு நாளைக்கு இருநூறு அட்டை திரும்பி வருகிற நிலையில் ஐந்து நாள் விட்டால் ஆயிரம் சேர்ந்து நிற்கும். ஆறாம் நாள் யாரும் செயலியைத் திறப்பதில்லை. அன்று வகுப்பில் நடந்த, புத்தகத்தில் படித்து முடித்த பகுதிக்கு மட்டும் அட்டையைத் திறங்கள். படிக்காததை அட்டையில் முதல்முறை சந்திப்பது சந்திப்பே இல்லை.

கொஸ்டின் பேங்க் பற்றி ஒரு பிடிவாதம் எங்கும் இருக்கிறது. "இப்பவே போட்டுட்டா வீணாயிடும், பரீட்சைக்கு முந்தின மாசம் வெச்சிருக்கேன்." வீணாகாது. தப்பாகப் போடுவதுதான் அதன் பயன். ஒரு அத்தியாயம் முடித்த மூன்றாம் நாள் அதில் இருபது கேள்வி போடுங்கள். எட்டு சரியாக வந்தால் போதும், வெட்கப்பட வேண்டாம். தப்பான பன்னிரண்டில் ஒவ்வொன்றுக்கும் நாலு விருப்பங்களும் ஏன் சரி, ஏன் தப்பு என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். எனக்கு மதிப்பெண் சதவீதத்தைக் காட்டாதீர்கள், அந்தப் பன்னிரண்டைக் காட்டுங்கள்.

மூத்தவர்களின் நோட்ஸ். இதில் எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். கையெழுத்து அழகாக இருக்கும், தேதி இருக்காது. செப்சிஸ் (தொற்று உடல் முழுவதையும் நிலைகுலைய வைப்பது) என்றால் தொற்றும், ஜுரம், நாடித்துடிப்பு, மூச்சு, வெள்ளணு என்ற நான்கில் இரண்டும் இருந்தால் போதும் என்று எழுதியிருந்தால் அது 2016-க்கு முந்தைய வரையறை. இப்போது உறுப்புச் செயலிழப்பு இருக்க வேண்டும். ரத்த அழுத்த எல்லையை அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017-இல் 130/80-க்கு இறக்கின, ஐரோப்பாவில் நோய் வரையறை 140/90-ஆகவே தொடர்ந்தது. உங்கள் பரீட்சை எதைப் பின்பற்றுகிறது என்று நோட்ஸ் சொல்லுமா? மது சம்பந்தமில்லாத கொழுப்புக் கல்லீரல் நோய்க்கே 2023-இல் பெயர் மாறிவிட்டது. நோட்ஸை வாங்குங்கள், எங்கே கேள்வி வருகிறது என்பதற்கு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணும் அளவும் வரையறையும் புத்தகத்தின் புதுப் பதிப்பிலிருந்துதான்.

இதே எச்சரிக்கை, பல மடங்கு கூடுதலாக, உரையாடும் செயற்கை நுண்ணறிவுக்கும். "என்னைக் கேள்வி கேள்" என்று அதைப் பயன்படுத்தினால் நல்ல பயிற்சித் துணை. மருந்தின் அளவை அதனிடம் கேட்டு அட்டையில் எழுதுவது வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். தப்பானாலும் அதே கம்பீரமான குரலில்தான் சொல்லும்.

பாதி வருடம் ஓடிவிட்டது, எடுத்த புத்தகம் சரியில்லை, மாற்றலாமா? இந்தக் கேள்வி மாதா மாதம் வரும். பெரும்பாலும் புத்தகம் சரியாகத்தான் இருக்கும், பாடம் கஷ்டம். கிட்னி நோய்கள் எந்தப் புத்தகத்தில் படித்தாலும் முதல் தடவை குழப்பும், எனக்கும் குழப்பியது. இரண்டு முறை படித்து, மூடிவைத்து எழுதிப் பார்த்தும் நிற்கவில்லை என்றால் அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் வேறு புத்தகத்திலோ வீடியோவிலோ பாருங்கள். பார்த்து முடித்ததும் அங்கே புரிந்ததை உங்கள் பழைய புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு அதை மூடுங்கள். பரீட்சைக்கு முந்தின இரவு நீங்கள் திறக்கப்போவது அந்த ஓரத்தைத்தான்.

அந்த மாணவனை டேப்லெட்டில் எட்டை அழிக்கச் சொன்னேன். நாலை அழித்தான். மிச்சம் அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.