மலைச்சரிவில் கடிக்கும் பூச்சிகள்: அரிப்பதும் அரிக்காததும்

வடகிழக்குப் பருவமழை பெய்து, வேலூரை ஒட்டிய ஜவ்வாது மலை ஓடைகளில் தண்ணீர் நிறைந்து ஓடும் கார்த்திகை, மார்கழி மாதங்களில், திங்கட்கிழமை காலையில் எங்கள் தோல் மருத்துவப் பிரிவுக்கு வருபவர்களுள் ஒரு சாராரைப் பார்த்த உடனேயே அவர்கள் சனி, ஞாயிறு எங்கே போயிருந்தார்கள் என்று சொல்லிவிட முடியும். காலுறை முடிகிற இடத்திலிருந்து அரைக்கால் சட்டை தொடங்குகிற இடம்வரை சிவந்த சிறு தடிப்புகள் நெருக்கமாக இருக்கும். பின்கழுத்திலும் காதோரத்திலும் சில இருக்கும். சட்டை மூடிய முதுகில் ஒன்றுகூட இருக்காது. ஒடுகத்தூர் வழியாகப் பீஞ்சமந்தைக்கோ ஜார்த்தான்கொல்லைக்கோ நடந்து சென்று, ஓடைக்கரையில் மாலைப்பொழுதைக் கழித்துவிட்டு வந்தவர்கள் இவர்கள். “கண்ணுக்கே தெரியவில்லை டாக்டர், ஆனால் பிடுங்கி எடுத்துவிட்டது” என்பார்கள்.

அப்படிப் பிடுங்குபவை பெரும்பாலும் மிட்ஜ் எனப்படும் பொடிக்கொசுக்கள். உடல் நீளம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்தான். ஆகவே சாதாரணக் கொசுவலையின் கண்களில் தாராளமாக நுழைந்துவிடும். கொசு தன் ஊசிவாயால் இரத்தக்குழாயைத் தேடிக் குத்தி உறிஞ்சுகிறது. பொடிக்கொசுவோ தோலைக் கத்தரிபோல் வெட்டி, அங்கே கசிந்து தேங்கும் இரத்தத்தைக் குடிக்கிறது. அளவுக்குப் பொருந்தாத எரிச்சல் அதனால்தான். கடிப்பவை பெண் பூச்சிகள் மட்டுமே. முட்டை வளர்வதற்கு அவற்றுக்கு இரத்தம் தேவை. ஈரச்சேறு, ஓடையோரச் சதுப்பு, மக்கும் சாணம் ஆகியவற்றில் இவை பெருகும். நம் ஊர் ஆட்டுக்காரர்களுக்கு இவற்றின் வேலை நன்றாகவே தெரியும். மழைக்காலத்தை ஒட்டிச் செம்மறி ஆடுகளை வாட்டும் நீலநாக்கு நோயைப் பரப்புவது இந்தக் குடும்பப் பூச்சிதான். அந்நோய் மனிதருக்குத் தொற்றாது.

இப்பூச்சியின் பலவீனங்களைத் தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை குறையும். இது வலுவாகப் பறக்கத் தெரியாதது. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே, அதாவது இலைகளும் சிறு கிளைகளும் விடாமல் அசையும் அளவுக்குக் காற்று இருந்தாலே, பெரும்பாலும் தரையோடு ஒடுங்கிவிடும். உச்சிவெயிலும் வறட்சியும் அதற்கு ஆகாது. விடியற்காலை, அந்திநேரம், மேகமூட்டமான அசைவற்ற பகல் ஆகியவையே அதற்கு உகந்தவை. எனவே கூடாரம் போடுபவர்கள் ஓடைக்கரையின் பள்ளத்தையும் மாட்டுப்பட்டியின் அருகையும் தவிர்த்து, காற்று படும் சற்று மேடான சரிவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. படம் எடுக்க ஓடைக்கரைதான் அழகு என்பதை நான் மறுக்கவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடலாம். வனத்துறையின் அனுமதி பெற்றுச் செல்லும் இடங்களிலும் தங்குமிடத்தைக் குறித்து வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

உடையைப் பொறுத்தவரை வெளிர்நிற முழுக்கைச் சட்டையும், காலுறைக்குள் செருகிய முழுக்கால் சட்டையும் எந்தக் களிம்பையும்விட மேலானவை. வெளியே தெரியும் தோலில் பூச, 20 முதல் 30 விழுக்காடு டீட் அல்லது 20 விழுக்காடு பிகாரிடின் கொண்ட விரட்டிகள் நம்பகமானவை. வெயில் தடுப்புக் களிம்பைப் பூசுபவர்கள் அதை முதலில் பூசிவிட்டு, பின்னரே விரட்டியைப் பூச வேண்டும். டீட் பிளாஸ்டிக்கையும் சில செயற்கைத் துணிகளையும் கெடுக்கும் என்பதால் பூசிய கையோடு கைபேசியை எடுக்காதீர்கள். எலுமிச்சைப்புல் எண்ணெயின் மணம் இனிமையானது, ஆனால் அதன் காவல் சிறிது நேரம்தான். மாட்டுக்கொட்டகையில் வேப்பிலையும் நொச்சியும் இட்டு மூட்டம் போடும் நம் வழக்கம் பூச்சியை ஓரளவு விலக்கும். அதையே கூடாரத்துக்குள் செய்தால் விலகுவது மனிதர்களின் மூச்சாகத்தான் இருக்கும்.

கடித்த பின் செய்ய வேண்டியது அதிகமில்லை. சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கழுவி, ஈரத்துணி ஒத்தடம் கொடுத்து, காலமைன் பூசினால் பலருக்குப் போதும். இரவில் உறங்க முடியாத அரிப்புக்கு மருத்துவர் சொல்லும் ஒவ்வாமை எதிர்ப்பு மாத்திரை உதவும். தடிப்பு ஓரிரு நாளில் வற்றினாலும் அரிப்பு ஒரு வாரத்துக்கு மேலும் வந்து வந்து போகும். சிறு குழந்தைகளுக்கு ஒரு புதிய கடி பழைய தடங்களையும் கிளறிவிடுவதுண்டு. இதைப் பார்த்து “இரத்தம் கெட்டுவிட்டது” என்று முடிவுகட்டி, கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்திவிட்டு வருகிறார்கள். கத்தரிக்காய்க்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. மலையிலேயே வாழ்பவர்களைப் பூச்சி கடிப்பதில்லை என்று நினைப்பதும் சரியன்று. அவர்களையும் கடிக்கிறது, தொடர்ந்து கடிபட்டதில் உடல் பழகி எதிர்வினை குறைந்திருக்கிறது.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது கடியைவிட அதன் மேல் பூசப்படும் பொருள்கள்தாம். மருந்துக் கடையில் “அரிப்புக்கு ஒரு டியூப்” என்று கேட்டால் கிடைக்கும் களிம்புகளில் பல, வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றையும் ஒன்றாகக் குழைத்தவை. இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும். அந்த நம்பிக்கையில் அதே டியூப் தொடையிடுக்கின் படர்தாமரைக்கும், வீட்டுக் குழந்தையின் முகத்துக்கும் போய்ச் சேரும். பிறகு தோல் மெலிந்து, படர்தாமரை எந்த மருந்துக்கும் எளிதில் மசியாத நிலையில் வருபவர்களைப் பார்ப்பது எங்கள் அன்றாட வேலையாகிவிட்டது. நகத்தால் சொறிந்து சீழ் வைத்த புண்களும் இதே பருவத்தில் கூடுதலாக வருகின்றன. கடித்த இடத்தைச் சுற்றிச் சூடும் வீக்கமும் பரவினாலோ, தேன்நிறப் பக்குக் கட்டினாலோ களிம்பு தேடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு நேரம் சொன்னது அரிக்கும் பூச்சியைப் பற்றி. அதே மலையில், ஏன், அடிவாரத்துப் புதரிலும் வயல் வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும்கூட, கடித்தது தெரியாமலே கடிக்கும் மற்றொன்று இருக்கிறது. சிகர் எனப்படும் மிக நுண்ணிய இளம் சிற்றுண்ணி அது. புல்லிலும் சருகிலும் இருந்து ஆடைக்குள் ஏறி, இடுப்புப்பட்டி, அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, காதின் பின்புறம் போன்ற மடிப்புகளில் கடிக்கிறது. அது தொற்றுடையதாக இருந்தால், ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் தொடங்கும். இதுவே ஸ்க்ரப் டைபஸ் என்னும் பாக்டீரியாக் காய்ச்சல். வேலூர் சுற்றுவட்டாரத்தில் மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களில் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்படுவோரிடம் நாங்கள் முதலில் நினைத்துப் பார்க்கும் நோய்களுள் இதுவும் ஒன்று.

இந்நோயின் கையொப்பம் ஒரு சிறிய கரும்பக்கு. சிகரெட்டால் சுட்டதுபோல் நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்திருக்கும், வலிக்காது, அரிக்காது. அதனால்தான் அதை யாரும் கவனிப்பதில்லை. கால் முழுவதும் கடித்தடத்தோடு வந்த ஒரு கல்லூரி மாணவர், அந்தத் தடங்களைக் காட்டுவதிலேயே குறியாக இருந்தார்; நடுவே “லேசாகக் காய்ச்சலும் இருக்கிறது, டெங்குவாக இருக்கும்” என்றார். மலைக்குச் சென்று பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. இடுப்புப்பட்டியை இறக்கிப் பார்த்தபோது, அது அழுத்திய கோட்டுக்குச் சற்றுக் கீழே கடலைப்பருப்பு அளவில் அந்தக் கரும்பக்கு இருந்தது. அருகே நெறி கட்டியிருந்தது. அவர் அதை இடைவார் உரசிய காயம் என்று நினைத்திருந்தார். பக்கு எல்லோருக்கும் இருப்பதில்லை, இருந்தாலும் கூச்சத்தால் காட்டாமல் விடுபவர்கள் உண்டு.

அரிப்பது தொல்லையோடு நின்றுவிட, அரிக்காதது நோயைத் தரும் இந்த முரண் நமக்கு மட்டும் உரியதன்று. செவிலியர்களாகவும் மாணவர்களாகவும் வேலூரிலிருந்து ஸ்காட்லாந்து சென்றவர்கள், அங்குள்ள உயர்மலைப் பள்ளத்தாக்குகளில் நடந்துவிட்டு, வீங்கிய முகத்தின் படங்களை எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை அந்தச் சதுப்புநிலங்களில் பொடிக்கொசு மேகம்போல் எழும். தலையில் நுண்வலை அணியாமல் அந்தி நேரத்தில் நிற்க முடியாது. ஆனால் அங்கே அது மனிதருக்கு நோய் எதையும் பரப்புவதில்லை. நோய் தருவது அதே புல்லில் காத்திருக்கும் உண்ணி. அது கடித்தாலும் வலிப்பதில்லை. கடித்த 3 முதல் 30 நாளுக்குள் வட்டமாக விரிந்துகொண்டே போகும் சிவந்த படை தோன்றினால் அது லைம் நோயாக இருக்கலாம். அந்தப் படையும் பெரும்பாலும் அரிக்காது.

ஆகவே மலையில் புல்தரையில் நேரடியாக உட்காராமல் விரிப்பைப் போட்டு உட்காருங்கள். துவைத்த துணியைப் புதரின் மேல் உலர்த்தாதீர்கள். இயற்கை உபாதைக்கு ஒதுங்கும்போது புதருக்குள் குந்துவதைவிட வெறும் தரையைத் தேர்ந்தெடுங்கள். திரும்பியவுடன் உடுத்திய துணி அனைத்தையும் வெந்நீரில் போட்டுவிட்டு, சோப்பு நுரைக்கத் தேய்த்துக் குளித்து, மடிப்புகளைக் கண்ணாடியில் பாருங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் மலைக்குச் சென்ற தேதியைச் சொல்லுங்கள். இரத்தத்தின் தட்டணுக்கள் (பிளேட்லெட்) இந்நோயிலும் குறையும் என்பதால் டெங்கு என்று எண்ணிக் காத்திருப்பதற்கு வாய்ப்பு அதிகம். முதல் வாரத்தில் இரத்தப் பரிசோதனை “நோய் இல்லை” என்று தவறாகக் காட்டவும் கூடும்.

பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை ஊசிகளுக்கு இந்தக் கிருமி அசையாது. டாக்சிசைக்ளின்தான் மருந்து, கருவுற்றவர்களுக்கு அசித்ரோமைசின் தரப்படும். நுரையீரலோ மூளையோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்ட தீவிர நிலையில் இரண்டையும் சிரைவழியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிறந்தது என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று நடத்தி, 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. தொடக்கத்திலேயே வருபவர்களுக்கு இந்த அளவுக்குப் போக வேண்டியிருப்பதில்லை. மாத்திரை தொடங்கிய இரண்டு நாளில் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கிவிடும், இறங்காவிட்டால் நாங்கள் வேறு காரணத்தைத் தேடத் தொடங்குவோம்.