அக்கா சொன்னாங்க, மேடம்

குழந்தைகள் வார்டு, காலை ஒன்பதரை மணி. வயிற்றுப்போக்கில் துவண்டு வந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மணிக்கு 60 மில்லி வீதம் டிரிப் ஓட வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வாட்ச்சைப் பார்த்தபடி சொட்டுகளை எண்ணி, நிமிடத்துக்கு 20 என்று சரிசெய்துவிட்டு நகர்ந்தாள். அரை மணி நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது டிரிப் மருந்தை அளந்து விடும் பியூரெட் குழாயில் 30 மில்லி இறங்கியிருக்க வேண்டிய இடத்தில் 10 மில்லிதான் இறங்கியிருந்தது.

"எப்படிம்மா கணக்குப் போட்டே?"

"மூணால வகுத்தேன் மேடம். தேர்ட் இயர் அக்கா சொன்னாங்க."

அந்த அக்கா சொன்னது தப்பே இல்லை. பெரியவர்கள் வார்டில் வழக்கமாகப் போடும் டிரிப் செட்டில், அதாவது டிரிப் குழாயில், 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. 60 நிமிடத்தை 20ஆல் வகுத்தால் 3. அதனால் மணிக்கு எத்தனை மில்லி என்பதை மூன்றால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று வந்துவிடும். மணிக்கு 125 மில்லி என்றால் 42 சொட்டு. பேப்பர், பேனா எதுவும் வேண்டாம். ஆனால் குழந்தைக்குப் போட்டிருந்தது மைக்ரோ செட். அதில் 60 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. அங்கே வகுக்கவே கூடாது; 60 மில்லிக்கு 60 சொட்டு. சில கம்பெனி செட்டில் 15 சொட்டுக்கு ஒரு மில்லி வரும், அதற்கு நான்கால் வகுக்க வேண்டும். இந்த எண் பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கும். நாம்தான் பாக்கெட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அக்கா சொன்னதை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

நர்சிங் ட்யூட்டராகப் பதினாறு வருஷம் ஆகிறது. சீனியர்கள் சொல்லித்தருவதில் முழுப் பொய்யை நான் அதிகம் பார்த்ததில்லை. நடப்பது வேறு. ஒரு வார்டில், ஒரு நோயாளிக்கு, ஒரு வீட்டில் சரியாக வந்த விஷயம் ஹாஸ்டல் மாடிப்படி ஏறி அடுத்த அறைக்குப் போவதற்குள், எங்கே, யாருக்கு என்கிற பாதி உதிர்ந்துவிடுகிறது. போய்ச் சேருவது மீதிப் பாதிதான்.

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். "இன்சுலினுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு" என்பது ஹாஸ்டல் பாடம். ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் வயலுக்கு, அதாவது மருந்துக் குப்பிக்கு, அது சரி. அடுத்த வார்டு போஸ்டிங்கில் ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் வயல் கைக்கு வந்தால்? அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. தெரியாமல் சிவப்பு மூடியில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே வந்திருப்பது அரை மில்லி. அதாவது 50 யூனிட். 20 போட வேண்டிய இடத்தில் 50 போனால் சுகர் எவ்வளவு ஆபத்தாக இறங்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு "சீனியர் பேச்சைக் கேட்காதே" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் இல்லாவிட்டால் நான் முதல் வருஷமே தேறியிருக்க மாட்டேன். பன்னிரண்டு வருஷம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவள் நான். அனாடமி வகுப்பில் முதல் மாதம் ஒரு வார்த்தை புரியவில்லை. பக்கத்து அறை அக்காதான் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் மெஸ் பெஞ்சில் உட்காரவைத்து, "முடிவுல ஐட்டிஸ்னு வந்தா அழற்சி, எக்டமின்னா வெட்டி எடுக்குறது" என்று வார்த்தைகளைத் துண்டு துண்டாக உடைத்துக் கொடுத்தாள். ஆபரேஷன் தியேட்டருக்கு வெறும் வயிற்றோடு போகாதே, தலை சுற்றினால் விழும்வரை காத்திருக்காமல் சுவரோரமாக உட்கார்ந்துவிடு என்று சொன்னதும் அவள்தான். இப்போதும் அப்படித்தான். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும் என்பதைப் பல முதலாமாண்டுப் பிள்ளைகள் கேள்விப்படுவதே அக்காமார்களிடம்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் ஹாஸ்டல் ஆலோசனையை நான் கொஞ்சமும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊசி குத்திக்கொண்டால் என்ன செய்வது என்பது அது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாணவி, ரத்தம் எடுத்த ஊசிக்குத் திரும்ப மூடி போடப் போய், இடது ஆள்காட்டி விரலில் குத்திக்கொண்டாள். மூடி போடவே கூடாது, ஊசியை வெட்டும் ஹப் கட்டரில் நேராக வெட்டி, வெள்ளை நிற, குத்தினால் ஓட்டை விழாத டப்பாவில் போட வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். அவசரம். யாரிடமும் சொல்லாமல் பாத்ரூமுக்குப் போய் விரலைப் பிழிந்து ரத்தத்தை வெளியேற்றி, ஸ்பிரிட் ஊற்றித் துடைத்திருக்கிறாள். சாயங்காலம் ஹாஸ்டலில் கேட்டபோது கிடைத்த பதில்கள்: "நல்லாப் பிழிஞ்சியா? அப்ப ஒண்ணும் ஆகாது." "இன்சார்ஜ்கிட்ட சொல்லாதே, எல்லார் முன்னாடியும் கத்துவாங்க." "எனக்கும் ஃபர்ஸ்ட் இயர்ல குத்துச்சு, நான் நல்லாத்தானே இருக்கேன்?"

அவள் என்னிடம் வந்து அழுதபோது 40 மணி நேரம் ஆகியிருந்தது.

பிழியக் கூடாது. விரலை வாயில் வைக்கக் கூடாது. ஸ்பிரிட், டெட்டால், பிளீச்சிங் கரைசல் எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கழுவிய கையோடு வார்டு இன்சார்ஜிடம் சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவை என்று டாக்டர் முடிவு செய்தால் முதல் டோஸை 2 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்வது உத்தமம். 72 மணி நேரம் தாண்டிவிட்டால் பலன் எதிர்பார்க்க முடியாது. ஆரம்பித்தால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இடையில், அந்த ஊசி யாருடைய ரத்தத்தைத் தொட்டதோ அவருக்கும் நமக்கும் பரிசோதனை. நமக்கு அப்புறமும் இடைவெளி விட்டு மறுபடி எடுப்பார்கள்.

எல்லோரும் எச்ஐவியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வர வாய்ப்பு ஏறக்குறைய 1000க்கு 3. ஹெபடைட்டிஸ் பி உள்ளவரின் ஊசி, தடுப்பூசி போடாதவரைக் குத்தினால் 100க்கு 6 முதல் 30 வரை. நான் அவளிடம் முதலில் கேட்டது அதனால்தான்: "ஹெபடைட்டிஸ் தடுப்பூசி மூணு டோஸும் போட்டுட்டியா?" இரண்டுதான் போட்டிருந்தாள். முதல் டோஸ், ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது என்பது கணக்கு. ஆறாவது மாதம் வந்தபோது செமஸ்டர் லீவு, ஊருக்குப் போய்விட்டாள், விட்டுப்போச்சு. விட்டுப்போனவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மீதியை மட்டும் போட்டுக்கொள்ளலாம். மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அளவு பார்த்து 10க்கு மேல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது இன்னும் நல்லது. அதைப் பார்த்த மாணவிகளை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

நல்ல வேளை, அந்த நோயாளிக்கு எல்லா ரிப்போர்ட்டும் நெகட்டிவ். ஆனால் அந்த 40 மணி நேரத்துக்குக் காரணம் ஹாஸ்டல் மட்டும் இல்லை, நாங்களும்தான். "இன்சார்ஜ் கத்துவாங்க" என்று அந்தப் பிள்ளைகள் சொன்னது உண்மை. அவர் கத்தத்தான் செய்தார். அன்றைக்கு என் குரலும் உயர்ந்தது. குத்திக்கொண்டவளைத் திட்டினால் அடுத்தவள் மறைக்கத்தான் செய்வாள் என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச காலம் ஆனது.

உடம்பு விஷயத்தில் மற்றவை இவ்வளவு பயங்கரம் இல்லை, ஆனால் தினசரி நடப்பவை. "டூட்டிக்கு முன்னாடி தண்ணி குடிக்காதே, அங்க டாய்லெட் நல்லா இருக்காது" என்பது தலைமுறை தலைமுறையாக வரும் அறிவுரை. நானும் கடைப்பிடித்திருக்கிறேன். விளைவு, சிறுநீர்ப் பாதையில் எரிச்சல். அதற்கு அடுத்த அறிவுரை, யாரோ மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக்கை இரண்டு நாள் போட்டுக்கொள்வது. எரிச்சல் அடங்கும், மறுபடி வரும், அப்போது அதே மாத்திரை கேட்காது. மாணவிகளுக்கு என்று பூட்டுப்போட்ட ஒரு டாய்லெட்டின் சாவியை ஒவ்வொரு வார்டிலும் கேட்டு வாங்குவதில் நான் செலவிட்ட நேரத்தைச் சேர்த்தால் ஒரு தீசிஸ் எழுதியிருக்கலாம்.

இன்னொன்று, பிராக்டிகல் பரீட்சை வருகிறது என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரை. "அக்கா போட்டாங்க, ஒண்ணும் ஆகலை." அக்காவுக்குக் கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்து அப்புறம் வரும் ஒற்றைத் தலைவலி இல்லை. அக்காவுக்கோ அவள் வீட்டிலோ யாருக்கும் காலில் ரத்தக்கட்டு வந்ததில்லை. இவளுக்கு? கேட்டுவிட்டுத்தான் டாக்டர் எழுதுவார்; அறைத்தோழி கேட்க மாட்டாள்.

தூக்கம் வராமல், யாரோடும் பேசப் பிடிக்காமல் இருக்கிற பிள்ளைக்கு "ஹோம்சிக்தான், போகப் போகச் சரியாயிடும்" என்பார்கள். பலருக்குச் சரியாகவும் ஆகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழைத்துப் பேசலாம். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

வீட்டு விஷயங்களில் நான் தலையிட விரும்புவதில்லை. ஆனால் வந்து கேட்பார்கள். அதிகம் கேட்பது கல்யாணம். "கல்யாணம் முடிச்சுட்டுப் படின்னு சொல்றாங்க மேடம். அந்த அக்காகூட அப்படித்தான் முடிச்சாங்களாம்." ஆமாம், முடித்தாள். அவளுடைய மாமியார் வீடு காலேஜிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப். அந்த மாமியாரே சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பினார். வேறொருத்திக்கு வாய்த்தது 200 கிலோமீட்டர் தள்ளி. ஏழாவது மாதத்தில் போஸ்டிங் போக முடியாமல் நின்றாள். பரீட்சை எழுத 80 சதவீத வருகை போதும், ஆனால் டிகிரி கையில் கிடைக்க வார்டு போஸ்டிங் மணிநேரம் 100 சதவீதமும் முடித்திருக்க வேண்டும். இந்த ஒரு வரியைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடு என்பேன். அதற்கு மேல் நான் பேசுவதில்லை.

கல்யாணத்தைவிட அடிக்கடி வருவது போன். நர்சிங் சேர்ந்த மூன்றாம் மாதமே அவள் குடும்பத்துக்கு டாக்டர் ஆகிவிடுகிறாள். அத்தைக்குச் சுகர் மாத்திரை, பெரியப்பாவுக்கு முட்டுவலி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல். தெரியாது என்று சொல்லக் கூச்சம். அவள் அறையில் கேட்பாள், அறை சீனியரைக் கேட்கும்.

போன வருஷம் ஒரு இரவு, பத்தே முக்கால் மணிக்கு ஒரு மாணவியின் அம்மாவிடமிருந்து போன். அப்பாவுக்கு மேல் வயிற்றில் எரிச்சல், இடது தோள்பட்டை குடைகிறது. அறையில் ஒருத்தி உடனே சொன்னாள்: "கேஸா இருக்கும். கேஸ் மாத்திரை போட்டுட்டுப் படுக்கச் சொல்லு. எங்க அம்மாவுக்குப் போன மாசம் இதே மாதிரிதான், மாத்திரை போட்டதும் சரியாயிடுச்சு." அந்த அம்மாவும் மாத்திரை தேடப் போய்விட்டார். கடைசி வருஷம் படிக்கும் ஒருத்தி, அதிகம் பேசாதவள், துணி மடித்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்திவிட்டு இரண்டே கேள்வி கேட்டாள்.

"வேர்க்குதான்னு கேளு. சுகர் இருக்கா?"

சட்டை நனையும் அளவுக்கு வேர்த்திருந்தது. சுகர் எட்டு வருஷமாக. சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சைப் பிழியும் வலி பல நேரம் தெரியாது என்று அவள் எங்கள் வகுப்பில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். "108க்குப் போன் போடச் சொல்லு. நடக்க வேண்டாம், உட்கார்ந்தே இருக்கட்டும்." ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்து, அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் வைத்திருக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார். இப்போது கடைக்குப் போய்வருகிறார்.

கேஸ் என்று சொன்னவள் மறுநாள் என் அறை வாசலில் வந்து நின்றாள். இரவெல்லாம் தூங்கவில்லை என்று முகமே சொன்னது.

"எங்க அம்மாவுக்கு அப்படித்தான் மேடம் சரியாச்சு. அதான் சொன்னேன்."

"தெரியும்மா. உங்க அம்மாவுக்கு அப்ப ஈசிஜி எடுத்தாங்களா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். எடுக்கவில்லை என்று தலையாட்டினாள்.

சாயங்காலம் லீவு லெட்டரோடு வந்தாள். காரணம் என்ற இடத்தில் "அம்மாவுக்கு ஈசிஜி எடுக்க" என்று எழுதியிருந்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.